ரங்காத்தாளின் தூங்கிய குடல்

ரங்காத்தாளுக்கு இரண்டு உடம்புகள் இருந்தன. ஒன்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தது. இன்னொன்று குன்னத்தூரைத் தாண்டி ஒரு பனங்காட்டுக்குள், கருங்காட்டு அம்மன் கோவிலுக்கு முன்னால் நின்றது. வேலைக்குப் போன உடம்பு வருஷா வருஷம் இளைத்தது. நின்ற உடம்பு இளைக்கவில்லை. இப்படிச் சொன்னால் பேய்க்கதை மாதிரி இருக்கும். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது சேவூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபோது எல்லாரையும் போன்ற உடம்புதான். புருஷன் கிட்டுசாமி பனியன் துணி பின்னும் மிஷினில் வேலை பார்த்தான். அந்த மிஷின் துணியைப் பாய் போல விரித்துப் பின்னாது. குழாயாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கீழே இறக்கும். ரங்காத்தாள் அதே கம்பெனியில், தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டி மடித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் உடம்பு போட ஆரம்பித்தது. கொஞ்சமாகத் தின்றாலும் போட்டது, பட்டினி கிடந்தாலும் போட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

மடிப்பு அறையில் அவள் பக்கத்தில் உட்காரும் வேலாத்தாளுக்குக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது.

“ஏனக்கா, நாப்பத்திநாலு சைஸுக்கு மேல நம்ம கம்பெனியில பின்னறதில்லயாமா. உனக்குன்னு தனியா ஒரு மிஷின் எறக்கச் சொல்லி மொதலாளிகிட்டச் சொல்லட்டுமா?”

“எறக்கச் சொல்லு புள்ள. நூலுக்குப் பதுலா உன்னயக் கோத்து உட்டர்றேன். நீ அந்தப் பருமன்தான இருக்கறே.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ரங்காத்தாள் சிரித்தால் மூச்சு வாங்கும். மூச்சுதான் அவளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. தூங்கும்போது குறட்டை விட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று சத்தம் நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும். கிட்டுசாமி எழுந்து அவளைப் பிடித்து உலுக்குவான். அவள் திணறிக்கொண்டு மறுபடியும் மூச்சை இழுப்பாள். இப்படியே பல வருஷம் அவன் அரைத் தூக்கம்தான் தூங்கினான். கால் வீங்கி முகமும் நீலம் பாரித்த பிறகு, கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஞானசம்பந்தம் என்று ஒரு டாக்டர் இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். இது எழுபத்திரண்டாம் வருஷம். இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று அவர் சொன்னார். ஒரு புது ஆபரேஷனைப் பற்றியும் சொன்னார். சிறுகுடல் இருபதடிக்கு மேல் நீளம். மேல் நுனியில் ஒரு துண்டையும் கீழ் நுனியில் ஒரு துண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால், சோறு நடுவில் உள்ள நீளத்துக்குள் போகாமல் குறுக்கு வழியில் இறங்கிவிடும். தின்பதில் பாதிகூட உடம்பில் சேராது. உடம்பு தானாக வற்றும்.

கிட்டுசாமி குழாய்த் துணியிலேயே பிழைப்பு நடத்துகிறவன். அவனுக்கு உடனே புரிந்தது. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டான்.

“நடுவுல இருக்கறதெ வெட்டி எடுத்துருவீங்களாங்க?”

“இல்ல. ஒரு வாயை மூடித் தெச்சு, அப்படியே வயித்துக்குள்ள விட்டுடுவோம்.”

“அது அங்கெ என்ன பண்ணுமுங்க?”

“சும்மா இருக்கும். தூங்குதுன்னு வெச்சுக்குங்க.”

“உசுரோடயாங்க?”

“உசுரோடதான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரங்காத்தாள் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். உயிரோடு ஒன்று உள்ளே பட்டினியாகத் தூங்கப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் கிட்டுசாமி கருங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர வேண்டுமென்றால், நோயாளிக்குப் பதிலாக ஒரு மண் உருவம் செய்து, சுட்டு, சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு உருவாரம் என்று பேர். சாமி அந்த உடம்பை வாங்கிக்கொண்டு இந்த உடம்பை விட்டுவிடும் என்பது நம்பிக்கை. கோவில் முன்னால் அப்படிப்பட்ட உருவங்கள் வரிசை வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஒரே நிற்கும் விதம். ஆண் என்றும் பெண் என்றும்தான் தெரியும். யார் என்று தெரியாது.

கிட்டுசாமிக்கு அது போதவில்லை. அளவு பார்த்தே பழகின மனுஷன். இஞ்சு டேப்பை எடுத்து வந்து, பெண்டாட்டியின் மார்பு, இடுப்பு, கை, கழுத்து எல்லாம் அளந்து, குன்னத்தூர்க் குயவர் கந்தப்பனிடம் போய் ஒப்பித்தான். அந்தப் பெரிய உடம்பு முழுசும் அப்படியே அம்மனுக்குப் போய்ச் சேர வேண்டும், ஒரு பிடி சதைகூட மிச்சம் இருக்கக்கூடாது என்பது அவன் எண்ணம்.

கந்தப்பன் தயங்கினார்.

“பொதுவா ஒண்ணு பண்ணித் தாறனுங்க. ஆளெ அளந்து பண்ணற வளக்கம் இல்லீங்க.”

“ஏனுங்க, பண்ணுனா என்னாகும்?”

“அளவெடுத்துப் பண்ணுனா அது பொம்மையா இருக்காதுங்க. ஆளாயிருமுங்க.”

“ஆளாவட்டும். அந்த ஆளத்தானுங்க அம்மனுக்குக் குடுக்கறேன்.”

கந்தப்பன் செய்தார். முழு ஆள் உயரம் செய்ய முடியாது என்று எல்லா அளவையும் சரிபாதியாக்கி, ஆனால் துளியும் பிசகாமல் செய்தார். இரண்டு பக்க மூக்குத்தி, சரிந்த தோள், மடிப்பு விழுந்த வயிறு எல்லாம் இருந்தன. சூளையில் வெடிக்காமல் இருக்கத் தொப்புளில் ஒரு துளை விட்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த பிறகு ரங்காத்தாளை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், அவள் கண் முன்னாலேயே உருவாரத்துக்குக் கண் திறந்து ஒரு திண்டின் மேல் நிறுத்தினார்கள். தன்னையே நிற்கவைத்துவிட்டுப் போவது மாதிரி இருந்தது அவளுக்கு. போகிற வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அது இவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

முதல் வருஷம் கொண்டாட்டமாகவே இருந்தது. சேலை ஒரு சுற்று கூடுதலாக வந்தது. மூச்சு திறந்தது. கிட்டுசாமி நிம்மதியாகத் தூங்கினான். மடிப்பு அறையில் வேலாத்தாள், “அக்கா, இன்னும் கொஞ்சம் எளைச்சா உன்னெப் பனியனோட சேத்தி மடிச்சுப் பொட்டியில வெச்சிருவாங்க, பாத்துக்க” என்றாள்.

இரண்டாம் வருஷம் இளைப்பது நிற்கவில்லை. எதைத் தின்றாலும் உடனே வயிற்றால் போனது. வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து ஓடினாள். தலைமுடி சீப்போடு வந்தது. மூட்டுகள் குத்தின. இடுப்பில் கல் வலி வந்து சுருண்டு படுத்தாள். பசி மட்டும் அடங்கவில்லை. கிட்டுசாமிக்கு வைத்த சோற்றைப் போல இரண்டு பங்கு தின்பாள். தின்ற கை காய்வதற்குள் மறுபடியும் பசிக்கும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், முப்பத்தைந்து வயதில் கிழவி மாதிரி ஆனாள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து, “அம்மாவ இப்படி உக்காரச் சொல்லுங்க” என்று கிட்டுசாமியிடம் சொன்னார். இருவருமே அவரைத் திருத்தவில்லை.

அத்தோடு வயிற்றில் ஒரு சத்தம். குடம் தண்ணீரில் அமிழும்போது வருமே, அந்த மாதிரி குளுக் குளுக்கென்று ஆரம்பித்து, நீளமாக இழுத்து, ஒரு முனகலோடு முடியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். ஆரம்பத்தில் வேலாத்தாள் சிரித்தாள். ஒருநாள் மத்தியானம் மிஷின் எல்லாம் நின்று அறை அமைதியாக இருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. வேலாத்தாள் சிரிக்காமல் தன் பனியன் கட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் கேலி செய்வதையே விட்டுவிட்டாள். ரங்காத்தாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. கேலி செய்கிறவரைக்கும் தான் மனுஷியாக இருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“தூங்கறது பசியில எந்திரிச்சுக் கேக்குதுங்க” என்று அவள் கிட்டுசாமியிடம் சொன்னாள்.

“சும்மா இரு புள்ள” என்றான் அவன். ஆனால் அவள் வயிற்றைப் பார்க்காமல் சொன்னான்.

எழுபத்தைந்தாம் வருஷம் அம்மன் பொங்கலுக்குப் போனார்கள். ரங்காத்தாளுக்கு அப்போது மாலைக்கண் வந்திருந்தது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. சத்துக் குறைவால் வருவது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. பொங்கல் வைத்து முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கியது. கூட்டம், பனைமரம், கோவில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து கறுப்பாயின. கிட்டுசாமி எங்கே என்று தேடினாள். கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அவன் சட்டைதான் என்று நினைத்து, கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். கை கிடைத்தது. பிடித்துக்கொண்டாள்.

“மாமா, ஊட்டுக்குப் போலாமுங்க. எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க.”

கை சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் கை மாதிரி. ஆனால் விரல் மடங்கவில்லை. தடவிப் பார்த்தாள். தோள் சரிந்திருந்தது. முகத்தில் இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. அப்போது காற்றடித்தது. அந்த வயிற்றிலிருந்து குளுக் குளுக்கென்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக இழுத்து முனகலோடு முடிந்தது. அது முடிந்ததும் அவள் வயிறு பதில் சொன்னது.

கிட்டுசாமி ஓடி வந்தபோது அவள் உருவாரத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பகல் முழுக்க வெயில் குடித்த மண் பொழுது சாய்ந்தாலும் சூடாகத்தான் இருக்கும். துளையுள்ள பானையில் காற்றடித்தால் சத்தம் வரத்தான் செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு ரங்காத்தாளே தனக்கு இப்படிச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் உள்ளங்கையில் அந்தச் சூடு போகவில்லை.

அடுத்த வருஷம் தை மாதத்தில் அவள் கண் மஞ்சளானது. வயிற்றில் நீர் கோத்தது. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஞானசம்பந்தம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“கல்லீரல் கெட்டுக்கிட்டு வருது. இந்த ஆபரேஷன் பண்ணினவங்கள்ல நெறய பேருக்கு வெளிநாட்டுலயே இப்ப இப்படித்தான் ஆகுது. திருப்பிச் சேத்துத் தெச்சுக்கிட்டிருக்காங்க. இவங்களுக்கும் மறுபடி வயித்தத் திறந்து, குடலப் பழையபடி சேத்தாகணும்.”

“சேத்துனா நல்லாயிருமுங்களா?” என்று கேட்டாள் ரங்காத்தாள்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். முதல் தடவையைப் போல இது சுலபமல்ல. ஒரு முறை திறந்த வயிற்றில் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துத்தான் வழி தேட வேண்டும். இந்த உடம்பை உடனே அறுக்கவும் முடியாது. அறுத்தால் தையல் ஒட்டாது. அதனால் முதலில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து ஊசி வழியாகச் சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். தூங்கிய குடல் விரல் பருமனுக்குச் சுருங்கியிருக்கும். அதை எழுப்பிப் பழக்க நாளாகும். கஞ்சித் தண்ணீரில் தொடங்கி, கரண்டி கரண்டியாகத்தான் ஏற்ற வேண்டும். காய்ச்சல் வரலாம், சீழ் பிடிக்கலாம். சிறுநீரகக் கல் தொந்தரவு முழுசாகப் போகாமலும் இருக்கலாம்.

“ஒடம்பு?”

“திரும்ப வரும். சாப்பாட்டுல கவனமா இல்லன்னா பழைய அளவுக்கே வந்துடும். அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க சம்மதிக்கணும். ஆனா பண்ணாம விட்டா இந்த வருஷம் தாண்டறது கஷ்டம்.”

“பண்ணுங்க” என்றாள் அவள்.

புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கிட்டுசாமி போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவளைத் திருப்பூருக்குக் கூட்டிவந்துவிட்டான்.

அந்த வருஷம் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆண்கள் ஓடி ஒளிந்தார்கள். கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பயம் ஊரெல்லாம் இருந்தது. மற்றவர்கள் கிட்டுசாமிக்கும் அந்தப் பயம்தான் என்று நினைத்தார்கள். ரங்காத்தாளுக்குத் தெரியும், அது இல்லை. அவள் விடாமல் கேட்டாள்.

“நாஞ் செத்துப் போறதுல உங்களுக்குச் சம்மதமுங்களா?”

“பேச்சப் பாரு.”

“அப்பறம் ஏனுங்க கையெழுத்துப் போடலீங்க?”

அவன் மிஷின் எண்ணெய் படிந்த தன் நகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“போன அம்மன் பொங்கலுக்கு நீ அது காலடியில உக்காந்திருந்தியே. மறாநா நான் மட்டும் திரும்பிப் போயி டேப்பு வெச்சு அளந்தேன். இடுப்பு அரை இஞ்சு எச்சா இருக்குது, அம்முணி. நானே அளந்து குடுத்த இடுப்பு. சுட்ட மண்ணு எங்காச்சும் வளருமா? நீ திங்கறதெல்லாம் அங்கெ போகுது.”

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பூசாரி எல்லா உருவங்களுக்கும் சுண்ணாம்பு அடிப்பார். பூச்சு மேல் பூச்சாக ஏறினால் அரை இஞ்சு கூடத்தான் செய்யும். ரங்காத்தாள் அதைச் சொன்னாள். அவன் தலையாட்டினான், நம்பவில்லை.

“அம்மனுக்குக் குடுத்த ஒடம்பெத் திருப்பிக் கேக்கறதுதான இந்த ஆபரேசன்? டாக்டரே சொல்றாரல்லோ, பழைய ஒடம்பு வந்துருமுன்னு. அவ ஒடம்ப அவகிட்டருந்து புடுங்குனா, உன்னயே எடுத்துக்குவா. நாந்தான் அளந்து குடுத்தேன். அந்தக் கொயவர் அன்னைக்கே சொன்னாரு. நாந்தான் கேக்கல.”

அவன் அழுதான். ஆபரேஷன் செய்தால் அவள் செத்துவிடுவாள் என்று அவனும், செய்யாவிட்டால் செத்துவிடுவோம் என்று அவளும் பயந்துகொண்டிருந்தார்கள். அவனைத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது என்று ரங்காத்தாளுக்குத் தெரிந்தது. அவன் பயந்த வழியிலேயே போய்த்தான் அவனைத் திருப்ப வேண்டும்.

“அப்ப மாத்திக்கலாமுங்க” என்றாள். “இந்த எளச்ச ஒடம்பையும் அளந்து பண்ணிக் குடுத்தர்லாம். இதெ எடுத்துக்கிட்டு அதெ உடச் சொல்லலாம்.”

அவன் முகம் தெளிந்தது. டேப்பை எடுத்து வந்தான். முன்பு அவளை அளந்தபோது டேப் போதாமல் இரண்டு தடவையாக வைத்து அளந்தவன், இப்போது மார்பைச் சுற்றி வைத்துவிட்டு, மீதித் தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கையை அளந்தான். கழுத்தை அளந்தான். அளவை வாய்விட்டுச் சொல்ல அவனால் முடியவில்லை.

கந்தப்பன் இதையும் அளவு பார்த்துச் செய்தார். அதை நிழலில் காயவைத்தபோதே பார்த்தவர்கள் யாரும் பக்கத்தில் போகவில்லையாம். சூளை பிரிக்கும் நாளில் கிட்டுசாமியும் ரங்காத்தாளும் போயிருந்தார்கள். அவளால் நிற்க முடியாமல் ஒரு கவிழ்த்த தாழியின் மேல் உட்கார்ந்தாள். சாம்பலை விலக்கினார்கள். உருவம் கழுத்திலும் இடுப்பிலும் முறிந்து மூன்று துண்டாகக் கிடந்தது. முகம் மட்டும் முழுசாக, மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணு பண்ணுங்க” என்றான் கிட்டுசாமி.

“பண்ணியாச்சுங்க. இது ரெண்டாவது. மொதலாவது இதுக்கு முந்துன சூளையில போயிருச்சு. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.” கந்தப்பன் ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “இத்தனை மெல்லிசாப் பண்ணுனா நெருப்புல நிக்காதுங்க. கொஞ்சமாச்சும் சதை வெக்கோணும்.”

“பாத்தியா அம்முணி” என்றான் கிட்டுசாமி. “வேண்டாங்கறா. மாத்திக்கறதுக்கு ஒத்துக்கமாட்டேங்கறா.”

ரங்காத்தாள் அந்த மண்முகத்தைப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண்ணோடு கண்ணாடியில் பார்க்கும் அதே முகம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவள் சொன்னது இது:

“ஆமாங்க, வேண்டாங்கறா. இந்த ஒடம்பு அவளுக்கு வேண்டாமுங்களாமா. ரெண்டு தடவ குடுத்தும் வாங்கலீங்க. வேண்டாங்கறவ என்னெ எதுக்குங்க எடுத்துக்கப் போறா? இப்படியே உட்டீங்கன்னாத்தான் நான் இது மாதிரி முறிஞ்சு போவேன். கொயவர் சொன்னது காதுல உளுந்துதுங்களா? சதை வெக்கோணுமாமா.”

கந்தப்பன் ஒருமுறை கிட்டுசாமியைப் பார்த்துவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கிட்டுசாமி சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தான். அங்கிருந்து நேராக அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அவிநாசி வழியாகக் கோயமுத்தூர் போய்க் கையெழுத்துப் போட்டான்.

டாக்டர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. பல வாரம் ஊசியும் பாலும் முட்டையுமாகக் கிடந்து, அவளுக்குக் கொஞ்சம் ரத்தம் ஊறிய பிறகுதான் அறுத்தார்கள். விடியக் கொண்டுபோனவளைச் சாயந்திரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். உள்ளே எல்லாம் பசை வைத்து ஒட்டியது போல ஒட்டியிருந்ததாம். காய்ச்சல் அடித்தது. தையலில் சீழ் வைத்தது. ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் வயிறு கல்லாக உப்பியது. அரைத் தூக்கத்தில் ரங்காத்தாளுக்கு, உள்ளே ஒன்று புரண்டு படுப்பதும் சோம்பல் முறிப்பதும் தெரிந்தது. பயத்தில் கத்தினாள். அதுதான் நல்ல அறிகுறி என்று நர்ஸம்மா சொன்னார்.

பிறகு ஒருநாள் அந்தக் குளுக் சத்தம் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். நான்கு வருஷம் கூடவே இருந்த ஒன்று எங்கோ எழுந்து போய்விட்ட மாதிரி வயிறு வெறிச்சென்று இருந்தது.

கண்ணின் மஞ்சள் போயிற்று. மாலைக்கண் தெளிந்தது. முடி குட்டை குட்டையாக முளைத்தது. அடுத்த சித்திரை பிறப்பதற்குள் கன்னம் நிரம்பியது. அந்த ஐப்பசிக்குள் பழைய ரவிக்கைகள் கைக்குச் சரியாக வந்தன. டாக்டர் சொன்னபடி அரிசியைக் குறைத்தாள், எண்ணெயைக் குறைத்தாள். கூடுவதை மெதுவாக்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. மடிப்பு அறைக்குத் திரும்பிய முதல் நாள் வேலாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்து, எதிர்ச்சுவர் ஓரத்திலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மிஷினெ எறக்கச் சொல்லீரலாமாக்கா?”

“சொல்லு புள்ள, சொல்லு” என்ற ரங்காத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டில்தான் வேறு மாதிரி இருந்தது. கிட்டுசாமி அவளை நன்றாகத்தான் கவனித்தான். தண்ணீர் சேந்தினான், அவளுக்காக ராகிக் களி கிண்டினான். ஆனால் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பான். கையைக் கட்டிக்கொள்வான். அவள் உண்டு முடிக்கும்வரை உட்காரமாட்டான். படையல் வைத்தவன் நிற்கிற மாதிரி நிற்பான். அவள் சதை வைக்க வைக்க அவன் நிற்கும் தூரம் கூடியது. ஒருநாள் அவனை அறியாமலேயே “இன்னுங் கொஞ்சம் உண்ணுங்க” என்றான். கட்டின பெண்டாட்டியைப் போய்!

ரங்காத்தாள் கையிலெடுத்த உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

“இங்கெ வாங்க. உக்காருங்க.”

அவன் வந்தான். உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, சேலைக்கு மேலாகத் தன் வயிற்றில், இரண்டு தழும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இடத்தில் வைத்தாள். மத்தியான வெயிலில் உட்கார்ந்திருந்ததால் வயிறு சூடாக இருந்தது. அவன் கை வெடுக்கென்று விலகப் பார்த்தது. அவள் விடவில்லை. தின்ற களி உள்ளே மெதுவாக நகர்ந்தது. அது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் குனிந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்து, மிக மெதுவாக, “வந்துட்டியா?” என்று கேட்டான்.

யாரைக் கேட்கிறான் என்று ரங்காத்தாளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“வந்துட்டனுங்க” என்றாள். பிறகு, “அந்த மோரெ இப்படி நகுத்துங்க, களி தொண்டையில நிக்குது” என்றாள்.